தனிப் பிரிவு எதற்கு என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது, ஊழலுக்கு ஒரு தனிக் காவல் பிரிவு, ஆள்கடத்தலுக்கு ஒரு தனிக் காவல் பிரிவு என்று ஏற்படுத்திக்கொண்டே போவதால் பெயர்ப்பலகைதான் கூடுகிறது, இருக்கிற காவல் நிலையமும் நீதிமன்றமும் ஒழுங்காக நடந்தால் போதாதா என்று கேட்டாய். உதவி அரசு வழக்கு நடத்துநராகப் பொறுப்பேற்று ஆறு மாதம் ஆன உனக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. வருவாய்த் துறையில் நான் கண்ட இரண்டு வழக்குகளைச் சொன்னால்தான் என் பதில் உனக்குப் புரியும்.

2004இல் லஞ்ச ஒழிப்புத் துறை எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பி, லஞ்சம் கேட்ட ஓர் அலுவலரைக் கையும் களவுமாகப் பிடிக்கும்போது உடனிருக்க அரசு ஊழியர் இருவரைச் சாட்சிகளாகக் கேட்டது. அதில் ஒருத்தியாக நான் போனேன். அந்தத் துறை 1964இல் ஏற்பட்டது. நம் தமிழ்நாட்டு அரசியல்வாதி க. சந்தானம் தலைமையிலான குழு ஊழலைத் தடுக்க வழிகளை ஆராய்ந்து அறிக்கை தந்ததும் அதே ஆண்டில்தான். அன்று காலையில் புகார்தாரர் கொண்டுவந்த முப்பது நூறு ரூபாய் நோட்டுகளின் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் எழுதினேன். பினாப்தலீன் பொடி தடவிய நோட்டைத் தொட்டுவிட்டு விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொன்னார்கள். தெளிந்த தண்ணீர் கண்ணெதிரே இளஞ்சிவப்பானது. அந்த நோட்டைத் தொட்ட கையை அது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு லஞ்சம் கேட்ட அலுவலரின் அறைக்குள் புகார்தாரரோடு உறவுக்காரி போல நான் போனேன். "கொண்டு வந்துட்டியா?" என்று அந்த அலுவலர் கேட்டதும், எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதும் இன்றும் நினைவிருக்கிறது. அவருடைய வலக்கையையும் இடக்கையையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் நனைத்து, அந்தக் கரைசலைப் புட்டிகளில் அடைத்து, முத்திரையிட்டு, ஒவ்வொரு சீட்டிலும் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

ஏழு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அதற்குள் புகார்தாரர் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சியாகி, அது கைமாற்றாக வாங்கிய பணம் என்று சொல்லிவிட்டார். உறை பழுப்பா வெள்ளையா, மேசை எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு மணி நேரம் குடைந்தார். ஆனாலும் வழக்கு தோற்கவில்லை. ஆய்வாளர் இருமுறை மாறியிருந்தும், அந்தப் பிரிவுக்கு வேறு வேலை கிடையாது என்பதால், மகஜர் (நடந்ததை அங்கேயே எழுதிச் சாட்சிகள் கையெழுத்திட்ட பதிவு), ஆய்வக அறிக்கை, வழக்குத் தொடரும் அனுமதி ஆணை என்று ஒரு தாள்கூடத் தவறாமல் கோப்பில் இருந்தது. புகார்தாரர் இறந்தாலும் பிறழ்ந்தாலும் லஞ்சம் கேட்டதைச் சூழ்நிலைச் சான்றுகளால் நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில்தான் தெளிவாக்கியது. அதற்கு முன்பே இந்த வழக்கைக் காப்பாற்றியது அந்தப் பிரிவின் பழக்கப்பட்ட கைதான்.

இரண்டாவது வழக்கை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. 2017இல் ஓர் அரிசி ஆலையிலிருந்து நான்கு இருளர் குடும்பங்களை மீட்டு எங்கள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார்கள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படியான விடுவிப்புச் சான்றுகளைத் தயாரித்தது நான். முன்பணம் எவ்வளவு என்று கேட்டபோது எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கணக்கு முதலாளியிடம் இருந்தது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, "ஆபீசர் ஐயா வந்தா எங்கள எல்லாம் நெல்லு கொட்டகைக்குள்ள போயிடச் சொல்லுவாங்க" என்றாள். அந்த ஐயா யார், எதற்காக வந்து எதைப் பார்க்காமல் போனார் என்று வழக்கு முடியும்வரை ஒருவரும் விசாரிக்கவில்லை. ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு பெயரளவில் இருந்தது. அதிலிருந்தவர்களுக்குத் திருவிழா பந்தோபஸ்தும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. விசாரணை மூன்று கை மாறியது. சாட்சிகள் வேலை தேடி வேறு மாவட்டத்துக்குப் போய்விட, முதலாளி விடுதலையானார்.

அதனால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஆனது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 20,000 ரூபாய். ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடுமைக்கு ஆளான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மூன்று லட்சம் என்ற முழுத்தொகையோ குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருந்தது. வழக்கு தோற்றதால் அவர்கள் அந்த 20,000 ரூபாயோடு நின்றார்கள். வழக்கை நடத்தும் திறமை அவர்களுக்குச் சோறும் கூரையும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்த ஐயாவைப் போன்றவர்களைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. ஆள்கடத்தலில் அரசு ஊழியரோ காவலரோ ஈடுபட்டிருந்தால் எஞ்சிய ஆயுள் முழுவதும் சிறை என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் 2013இல் திருத்தப்பட்ட 370ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143(7) அதையே சொல்கிறது. கண்ணை மூடிக்கொள்ள ஓர் அலுவலர் பணம் வாங்காமல் இத்தனை பேரை ஓர் ஆலைக்குள் அடைத்து வைக்க முடியாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். ஆனால் ஊழலைப் பார்க்கும் பிரிவு ஆலைக்குள் போவதில்லை, ஆலைக்குள் போகும் பிரிவு லஞ்சத்தைத் தேடுவதில்லை. இரண்டும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், முதல் நாளிலிருந்தே அங்கே ஒரு வழக்கு நடத்துநரின் ஆலோசனையும் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. 2022இல் வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கிய நம் பிள்ளைகளின் வழக்கில், முகவர், வங்கிக் கணக்கு, எல்லை தாண்டிய பாதை என்று அத்தனையையும் ஓர் ஊர்க் காவல் நிலையம் எப்படித் துரத்தும், சொல்.

பிரிவு அமைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க முன் அனுமதி வேண்டாம். கோப்பில் முடிவெடுத்துச் செய்யும் பெரிய ஊழலை விசாரிக்கவோ ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 17ஏ பிரிவின்படி அரசின் ஒப்புதல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சிக்குவதும் மேலே இருப்பவர் தப்புவதும் இதனால்தான் என்பது என் எண்ணம்.

ஆள்கடத்தல் வழக்கு உன்னிடம் வரும்போது, குற்றப்பத்திரிகையைப் படிப்பதற்கு முன், சாட்சிகள் எந்த மாதம் எந்த ஊரில் இருப்பார்கள் என்று விசாரணை அலுவலரிடம் கேள். கரும்பு வெட்டும் காலத்தில் ஓர் இடம், செங்கல் சூளைக் காலத்தில் வேறிடம். பழைய முகவரிக்கு அனுப்பிய சம்மன் திரும்பித்தான் வரும். கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்குப் பேருந்துக் காசும் சாட்சிப் படியும் அன்றே கையில் கிடைக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள், கண்ணு.

அன்புடன்,
அம்மா