மெக்சிகோ நகரில் மெட்டல் கச்சேரி நடத்துபவர்களுக்கு: அந்த வயலினைக் கேட்கவிடுங்கள்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கும், அரங்கின் நடுவில் ஒலிக்கலவை மிக்ஸர் முன்னால் நிற்கும் ஒலிப்பொறியாளர்களுக்கும் வணக்கம்.

இதே மடலை ஸ்பானிய மொழியிலும் எழுதி அனுப்பியிருக்கிறேன். முதலில் எழுதியது தமிழில்தான். மனதில் இருப்பது முழுதாக வருவது எனக்கு இந்த மொழியில்தான்.

வேலைக்காக இந்த நகரத்துக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு வார்த்தை ஸ்பானியம் தெரியாது. சனிக்கிழமைகளில் புவெனாவிஸ்தா ரயில் நிலையத்துப் பக்கம் எல் சோப்போ சந்தை கூடும். ராக் இசைத்தட்டுகள், கறுப்புச் சட்டைகள், பழைய போஸ்டர்கள் விற்கிற சந்தை. அங்கே சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கடையில் பாட்டு ஓடியது. கீழே டிரம்ஸும் கிடாரும் இடித்துக்கொண்டு போக, மேலே ஒரு வயலின் துள்ளியது. யார் என்று கையாலேயே கேட்டேன். மாகோ தே ஓஸ் என்றார் கடைக்காரர். ஸ்பெயினின் மத்ரித்தில் 1988ல் தொடங்கிய மெட்டல் குழு, அதாவது கனத்த கிடாரும் டிரம்ஸும் அதிரும் ராக் வகை. என் கையில் அவர் வைத்தது 2000ல் வந்த ‘ஃபினிஸ்தெர்ரா’ என்ற இரட்டை ஆல்பம்.

அதன் வரிகளை வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டித்தான் இந்த மொழியைக் கற்றேன். ஸ்பானியத்தின் ஐந்து உயிரொலிகளும் நம் அ, இ, உ, எ, ஒ போலத் தெளிவாக நிற்பவை. எதையும் விழுங்காமல் பாடலாம். மெட்டலுக்கென்றே பிறந்த மொழி என்று அப்போது தோன்றியது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தக் குழுவை நேரில் பார்க்கும் வாய்ப்பு அண்மையில்தான் கிடைத்தது. அரங்கின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பல அரங்குகளில் நடப்பதுதான் அன்றும் நடந்தது. எனக்கு முன்னால் ஒரு அப்பா, தோளில் ஆறேழு வயதுப் பெண் குழந்தை, அதன் காதில் தலையைவிடப் பெரிய மஞ்சள் காதடைப்பான். ‘ஃபியெஸ்தா பகானா’ என்ற பாட்டு தொடங்கியதும் கூட்டம் முழுக்கக் குதித்தது. மோகமெத் என்று ரசிகர்கள் அழைக்கும் வயலின் கலைஞர் கார்லோஸ் பிரியெத்தோ மேடை ஓரத்துக்கு வந்து வில்லை இழுத்தார். பெரிய திரையில் அவர் விரல்கள் ஓடுவது தெரிந்தது. குழந்தை தன் இடது கையை நீட்டி, வலது கையால் வில் போல அறுத்துக்கொண்டே இருந்தது. வயலின் மட்டும் கேட்கவில்லை. பேஸ் டிரம்மின் அடி நெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது, சிமென்ட் சுவரில் மோதித் திரும்பி வந்தது, அடுத்த அடி அதன் மேலேயே விழுந்தது. பாட்டின் வரிகளைக்கூட நான் ஸ்பீக்கரிலிருந்து கேட்கவில்லை, பக்கத்தில் நின்றவர்களின் வாயிலிருந்துதான் கேட்டேன்.

அது எனக்கு உண்மையாகவே வலித்தது.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. மூடிய அரங்கில் தாழ்ந்த ஒலி அடங்க நேரமெடுக்கும். இரைச்சலேற்றிய கிடார் ஒலிக்கிற அதே சுருதி வரம்பில்தான் குரலும் வயலினும் ஒலிக்கின்றன, மூன்றில் பலமானது மற்ற இரண்டையும் மூடிவிடும். சவுண்ட் செக் நடப்பது காலி அரங்கில். ஆயிரக்கணக்கான உடம்புகள் உள்ளே வந்ததும் அவை கூர்மையான ஒலியைக் குடித்துவிடுகின்றன, பேஸை அவ்வளவாகத் தொடுவதில்லை. அப்புறம், வயலின் கேட்கவில்லையே என்று எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினால் என்ன ஆகும்? முதலில் ஏறுவது இரைச்சல்தான். மற்ற மெட்டல் குழுக்களுக்கு இது பாதி நஷ்டம் என்றால் இவர்களுக்கு முழு நஷ்டம். புல்லாங்குழலையும் வயலினையும் எடுத்துவிட்டால் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாணியான கெல்டிக் மெட்டு போய்விடும். வார்த்தையை எடுத்துவிட்டால், ஒரு முழு ஆல்பத்தையே ‘டான் குயிக்ஸாட்’ என்று நாம் சொல்லும் ஸ்பானிய நாவலான தொன் கிகோத்தேயின் கதையை வைத்துப் பாடியவர்களிடம் மிச்சம் என்ன இருக்கும்?

இந்த ஊர் ரசிகர்கள் கேட்பதற்காகப் பட்ட பாட்டையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1971 செப்டம்பரில் அவாந்தரோ என்ற ராக் இசைத் திருவிழா நடந்த பிறகு ராக்குக்கு இந்த நாட்டில் கதவு சாத்தப்பட்டது. பெரிய மேடைகள் போயின. பாழடைந்த கிடங்குகளிலும் கொட்டகைகளிலும் வாசித்தார்கள். ‘ஓயோ’, அதாவது பொந்து என்றே அந்த இடங்களுக்குப் பெயர். எல் சோப்போ சந்தையே 1980ல் ஓர் அருங்காட்சியகத்தில் தட்டுகளைக் கைமாற்றிக்கொள்ளத் தொடங்கியதுதான். பொந்துக்குள் கிழிந்த ஸ்பீக்கரில் கேட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று காசு கொடுத்து உங்கள் அரங்குக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நல்ல ஒலி கொடுப்பது சலுகை ஆகாது.

கேட்பது பெரிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022ல் ஒரு வழிகாட்டு நெறி தந்தது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அளவைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் வேண்டும் என்கிறது. அதை அரங்க வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள், அன்றைய அளவைத் திரையில் காட்டுங்கள். 100 என்பதே குறைந்த சத்தமல்ல, மெட்டலுக்கு அது தாராளமாகப் போதும். முதல் இரண்டு பாட்டு முடிந்ததும் பொறியாளர் ஒருவர் மாடியின் கடைசி வரிசை வரை நடந்து போய்க் கேட்டுவிட்டு வரட்டும். பேஸைக் கொஞ்சம் இறக்கினாலே வயலின் தானாக மேலே வரும். தோளில் வரும் குழந்தைகளுக்கு மஞ்சள் காதடைப்பானை நீங்களே வாசலில் கொடுங்கள், எல்லா அப்பாக்களும் கொண்டுவருவதில்லை.

அன்று கடைசியில் விளக்கு போட்ட பிறகும் யாரும் நகரவில்லை. “ஓத்ரா! ஓத்ரா!” என்று இன்னொரு பாட்டுக்காகக் கத்திக்கொண்டே நின்றார்கள். குழந்தை தோளிலேயே தூங்கிவிட்டிருந்தது.

அவர்கள் அடுத்த முறை வரும்போதும் டிக்கெட் வாங்குவேன். மாடியில், கடைசி வரிசையில் இருப்பேன். அங்கே வந்து கேளுங்கள்.

அன்புடன்,
எல் சோப்போவில் இந்த மொழியைக் கண்டெடுத்த ஒரு தமிழ் ரசிகன்