மேக் முகவரியைக் கேட்டு வாங்கிவிட்டு அதைப் பயன்படுத்தாத உங்கள் நிறுவல் மென்பொருள் பற்றிப் புகார்

வணக்கம்,

சர்வர்களில் லினக்ஸைத் தானாக நிறுவும் உங்கள் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்துகிறேன். சர்வரில் ஒரே நெட்வொர்க் போர்ட் என்றால் அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. இரண்டாவது போர்ட் வந்ததுமே சிக்கல் ஆரம்பிக்கிறது.

மதர்போர்டில் உள்ள போர்ட் நிர்வாகத்துக்கு, தனியாகச் செருகிய கார்டில் உள்ளது ஸ்டோரேஜுக்கு என்று உங்கள் படிவத்தில் பிரித்துக் கொடுத்தேன். இரண்டின் மேக் முகவரியும் (ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய தனி அடையாள எண்) கட்டாயம் என்று கேட்டீர்கள், அதையும் சரிபார்த்துக் கொடுத்தேன். நிறுவல் முடிந்து 'வெற்றி' என்று வந்தது, சர்வர் ரீபூட் ஆனது, அதற்குப் பிறகு எஸ்எஸ்எச் (நெட்வொர்க் மூலம் தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியாக உள்ளே போகவே முடியவில்லை. சர்வரின் நேரடித் திரையான கன்சோலில் போய்ப் பார்த்தால் ஸ்டோரேஜ் ஐபி நிர்வாகப் போர்ட்டில் இருக்கிறது, நிர்வாக ஐபி ஸ்டோரேஜ் போர்ட்டில்.

நீங்கள் உருவாக்கிய கிக்ஸ்டார்ட் கோப்பை, அதாவது நிறுவலுக்கான விடைகள் எழுதிய கோப்பை, திறந்து பார்த்தேன். நெட்வொர்க் வரிகளில் டிவைஸ் என்ற இடத்தில் வெறும் ஈத்0, ஈத்1 என்ற போர்ட் பெயர்கள் மட்டும்தான். நான் கொடுத்த மேக் முகவரி ஒன்றுகூட அதில் இல்லை! போதாததற்குப் பூட் வரியில் நெட்.இஃப்நேம்ஸ்=0 என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் லினக்ஸின் மையமான கர்னல் எந்தக் கார்டை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதுதான் ஈத்0. இங்கே இரண்டுக்கும் டிரைவர் வேறு வேறு, நிறுவும்போது ஒன்று முதலில் ஏறும், நிறுவிய சிஸ்டம் எழும்போது மற்றது முந்திக்கொள்ளும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2013லேயே லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பில் நிலையான பெயர் முறை வந்தது, அதை நீங்களே அணைத்து வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் ஆதரவுக் குழு சொன்ன தீர்வு, கேபிளை மாற்றிச் செருகுங்கள் என்பது. அடுத்த ரீபூட்டில் வரிசை திரும்பினால் என்ன செய்வது? அந்த நெட்.இஃப்நேம்ஸ்=0 அளவுருவை மட்டும் எடுத்துவிட்டாலும் போதாது, அப்போது வரும் ஈஎன்பி3எஸ்0 மாதிரியான பெயரில் பிசிஐ இடம்தான் (கார்டு மதர்போர்டில் இணைந்திருக்கும் இடத்தின் எண்) இருக்கிறது, புதிதாக ஒரு கார்டு சேர்த்தால் அந்த எண்ணும் மாறலாம். கிக்ஸ்டார்ட்டில் டிவைஸ் என்ற இடத்தில் மேக் முகவரியையே எழுதலாம், நிறுவிய பிறகும் அமைப்பு அதே முகவரியோடு ஒட்டியிருக்க பைண்ட்டூ=மேக் என்றும் சேர்க்கலாம். கையில் இருக்கும் தகவலை ஏன் எழுதவில்லை என்பதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

அப்புறம் கேட்வே, அதாவது வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலின் முகவரி. இரண்டு வரியிலும் கேட்வே எழுதியிருக்கிறீர்கள், அதனால் வெளியே போகும் இயல்பு வழியான டீஃபால்ட் ரூட் இரண்டு ஆகிறது, ஒரு போர்ட்டில் வந்த கோரிக்கைக்குப் பதில் இன்னொரு போர்ட் வழியாகக் கிளம்புகிறது. ஸ்டோரேஜ் வரியில் கேட்வேயை எடுத்துவிட்டு நோடெஃப்ரூட் என்று சேர்த்தால் முடிகிற வேலை இது.

கிக்ஸ்டார்ட் கோப்பை உருவாக்கும் டெம்ப்ளேட்டைத் திருத்துங்கள், அதை எப்போது வெளியிடுவீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். ரீபூட்டுக்குப் பிறகு ஒவ்வொரு மேக் முகவரிக்கும் உரிய ஐபி வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே 'வெற்றி' என்று காட்டுங்கள். அதுவரை கிக்ஸ்டார்ட் கோப்பை நாங்களே திருத்திக்கொள்ள வழி விடுங்கள், இப்போது ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எங்கள் திருத்தத்தை அழித்துவிட்டுப் பழைய ஈத்0, ஈத்1 வரிகளையே உங்கள் மென்பொருள் திரும்ப எழுதுகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்