பெற்றோர் கூட்டத்துக்கு வராதோரிடம் தண்டம் வசூலிப்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுக்களின் பெற்றோர் உறுப்பினர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: கூட்டத்துக்கு வராத பெற்றோரிடம் தண்டம் வாங்குவதை நிறுத்தி, கூட்ட நேரத்தை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் ஒன்றியத்தில் சில நடுநிலைப் பள்ளிகள், பெற்றோர் கூட்டத்துக்கு வராத வீடுகளிடம் 100 ரூபாய் தண்டம் வாங்குகின்றன. ரசீது கிடையாது. பணத்தைக் கொண்டு வருவது பிள்ளை. கொண்டு வராத நாளில் வகுப்பில் எழுந்து நிற்பதும் அதே பிள்ளைதான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 மேலாண்மைக் குழுவுக்குத் தந்திருக்கும் அதிகாரம் பள்ளியைக் கண்காணிக்கவும் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கவும்தான்; தண்டம் போட அல்ல. பிள்ளையை நிற்க வைப்பது பிரிவு 17 தடை செய்யும் மன உளைச்சலில் சேரும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், தண்டத்தால் பலனும் இல்லை. கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு. நூறு நாள் வேலையில் வருகைப் படம் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று எடுக்கிறார்கள். இரண்டாவது படத்தில் இல்லாவிட்டால் கூலிக்குச் சிக்கல். 2025-26இல் அந்தக் கூலி நாளுக்கு 336 ரூபாய். வந்தால் 336 போகும், வராவிட்டால் 100 போகும். கணக்குத் தெரிந்த தாய் வேலைக்குத்தான் போவார். தண்டத்தை 500 ஆக்கினால் தாய் வர மாட்டார், பிள்ளையும் பள்ளியை விட்டு நின்றுவிடும்.

வசதியுள்ளவர்களிடம் நடப்பது வேறு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் 20 வாரம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2000இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப் போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் தண்டம் என்று 6 காப்பகங்களில் அறிவித்ததும், தாமதமாக வருவோர் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். தண்டத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்தாயிற்று என்ற எண்ணம் வந்துவிட்டது. நம் ஊர்க் கடைக்காரரும் 100 ரூபாயை நீட்டிவிட்டு அப்படித்தான் நினைப்பார்.

தண்டத்துக்குப் பயந்து வருகிறவர்களும் உண்டு. பாட்டியை அனுப்புவார்கள், பாட்டி கைநாட்டு வைத்துவிட்டு எழுந்து போவார். பேத்திக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை என்ற செய்தி வீட்டுக்குப் போகாது. பதிவேட்டில் மட்டும் வருகை கூடியிருக்கும்.

எனவே தண்டத்தை நிறுத்தி ஆணையிடவும், வாங்கிய தொகையைப் பெற்றோர் கையிலேயே திருப்பித் தரச் செய்யவும் வேண்டுகிறோம். கூட்டத்தை மாலை 6.30க்கோ ஞாயிறு காலைக்கோ மாற்றலாம். அதற்கு ஆசிரியருக்கு ஈடு விடுப்பு தர வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் நின்றுபோகும். 30 பேர் உள்ள வகுப்பில் நாளுக்கு 10 வீடு, வீட்டுக்கு 10 நிமிடம், பிள்ளையின் கணக்கு நோட்டை நடுவில் வைத்துப் பேசினால் மூன்று மாலையில் முடியும். எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் உள்ள போன் எண் பல வீடுகளுக்கு ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் கொடுத்ததே. அதை ஆண்டுதோறும் ஜூனில் சரிபார்த்தால்தான் அழைப்பு போய்ச் சேரும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன பெற்றோரிடம் போனில் பேசியதையும் வருகையாகக் கொள்ள வேண்டும். வராதவர் பெயருக்கு எதிரே காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தால், அடுத்த கூட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது என்பது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் உறுப்பினர்கள்