இரண்டாவது சென்சரையும் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டெல்டா மாவட்டக் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்ட்டுகளில் பாசன மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. ஓர் அர்டுயினோ ஊனோ போர்டு, அரை அங்குல ஃப்ளோ சென்சர், ரிலே, சின்ன மோட்டார். ஒரு குழாய் நாற்றங்காலுக்கு, இன்னொன்று நடவு வயலுக்கு என்று கணக்கு. தண்ணீர் ஓட ஓட சென்சர் மின்துடிப்பு தரும். மாணவர்கள் 'ஃப்ளோமீட்டர்' என்று சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு கிளாஸ் (மீட்டர் ஆப்ஜெக்டுகளுக்கான வார்ப்பு) எழுதி, அதில் துடிப்பை எண்ணும் 'துடிப்பு' என்ற மெம்பர் ஃபங்ஷனை, பின்னில் துடிப்பு வந்ததும் ஒரு ஃபங்ஷனை ஓடவைக்கும் அட்டாச் இன்டரப்ட்டுக்குக் கால்பேக்காக, அதாவது கூப்பிட வேண்டிய ஃபங்ஷனாகக் கொடுக்கிறார்கள். கம்பைலர் ஏற்பதில்லை. யாரோ 'ஸ்டாட்டிக்' போடச் சொல்கிறார்கள். எர்ரர் போய்விடுகிறது, வைவாவும் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கல்லணையில் மதகுகளை இயக்கும் லஸ்கரிடம் 'ஷட்டரை இறக்கு' என்று மட்டும் சொன்னால், காவிரியா, வெண்ணாறா, கல்லணைக் கால்வாயா, கொள்ளிடமா என்று திருப்பிக் கேட்பார். மெம்பர் ஃபங்ஷனுக்கும் அதே கேள்வி உண்டு. எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுகிறோம் என்பதைச் சொல்லும் 'திஸ்' பாயின்டர், கண்ணுக்குத் தெரியாத ஆர்க்யுமென்டாக அதற்கு வந்தாக வேண்டும். அட்டாச் இன்டரப்ட் எதிர்பார்ப்பதோ ஆர்க்யுமென்டே இல்லாத சாதாரண ஃபங்ஷன். காஸ்ட் செய்து (வகையை வலிந்து மாற்றி) சமாளிக்கவும் வழியில்லை; 64 பிட் லினக்ஸில் ஜிசிசி சாதாரண ஃபங்ஷன் பாயின்டருக்கு 8 பைட் எடுக்கிறது, மெம்பர் ஃபங்ஷன் பாயின்டருக்கு 16.

ஸ்டாட்டிக் போட்டதும் ஃபங்ஷன் தனி ஆப்ஜெக்டுக்கு இல்லாமல் கிளாஸுக்கே பொதுவாகிவிடும், திஸ் கிடையாது. அதனால் எண்ணிக்கையையும் ஸ்டாட்டிக் ஆக்கிவிடுகிறார்கள். ஒய்.எஃப்.எஸ்.201 வகை சென்சர் லிட்டருக்குச் சுமார் 450 துடிப்பு தரும். நாற்றங்காலுக்கு 2 லிட்டரும் வயலுக்கு 3 லிட்டரும் போனால் ஒன்றில் 900, மற்றதில் 1,350 வர வேண்டும். இரண்டு மீட்டருமே 2,250 காட்டும்! இரண்டுக்கும் இருப்பது ஒரே எண்ணிக்கைதானே. ஒற்றை சென்சரை மாட்டிப் பார்க்கிறவரை இது வெளியே தெரியாது.

ஊனோவில் அட்டாச் இன்டரப்ட்டுக்கு உள்ளவை 2, 3 என்ற இரண்டு பின்கள்தான். ஆகவே மீட்டர்களைக் குளோபல் ஆப்ஜெக்டுகளாக வைத்து, ஒவ்வொன்றின் துடிப்பையும் கூப்பிட ஒரு வரி ஃபங்ஷன் தனித்தனியாக எழுதினால் வேலை முடிந்தது. அழகில்லைதான், ஆனால் சரி. எண்ணிக்கையை 'வாலடைல்' (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கக் கம்பைலருக்குச் சொல்லும் சொல்) ஆக்க மறக்கக் கூடாது. 8 பிட் சிப் 4 பைட் எண்ணை ஒரே மூச்சில் படிக்காது. இன்டரப்ட்டை நிறுத்தி, எண்ணை நகலெடுத்துக்கொண்டு, உடனே திறந்துவிட வேண்டும்.

இ.எஸ்.பி.32 போர்டில் இன்னும் நல்ல வழி இருக்கிறது. அட்டாச் இன்டரப்ட் ஆர்க் என்ற ஃபங்ஷன், கால்பேக்கோடு ஒரு வாய்டு பாயின்டரையும் (எந்த வகை ஆப்ஜெக்டின் முகவரியையும் ஏற்பது) வாங்கிக்கொள்ளும். அதில் திஸ்ஸைக் கொடுத்தனுப்பி, ஸ்டாட்டிக் ஃபங்ஷனுக்குள் அதை ஃப்ளோமீட்டர் பாயின்டராக மாற்றித் துடிப்பைக் கூப்பிடலாம். ஃபங்ஷன் மட்டும் ஸ்டாட்டிக்; எண்ணிக்கை அந்தந்த ஆப்ஜெக்டிலேயே இருக்கும்.

இதிலும் வழுக்கும் இடம் உண்டு. போர்டு தொடங்கும்போது ஒருமுறை ஓடும் செட்டப்புக்குள் லோக்கலாக உருவாக்கிய மீட்டர், செட்டப் முடிந்ததும் போய்விடும், இன்டரப்ட் போகாது. இல்லாத மீட்டரின் முகவரியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்க, போர்டு எப்போதாவது தானாக ரீசெட் ஆகும். பழியெல்லாம் பவர் சப்ளைக்கு! மீட்டர்களை வெக்டரில் (வளரும் பட்டியலில்) வைத்தால், அது பெரிதாகும்போது ஆப்ஜெக்டுகள் இடம் மாறும். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் பதிந்த திஸ் பழைய முகவரியாகிவிடும். கிளாஸில் காப்பி கன்ஸ்ட்ரக்டரை 'டெலீட்' செய்துவைத்தால் கம்பைலரே இதைத் தடுத்துவிடும். ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரில், இன்டரப்ட்டைக் கழற்றும் டிட்டாச் இன்டரப்ட்டும் இருக்கட்டும்.

கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமுக்கு, சி பிளஸ் பிளஸ்ஸின் 2011 தரத்தில் வந்த லாம்டாவும் (பெயரில்லாத ஃபங்ஷன்) ஸ்டாண்டர்டு ஃபங்ஷனும் (ஃபங்ஷன்களை வைத்துக்கொள்ளும் உறை) போதும். ஆனால் திஸ்ஸைக் கேப்ச்சர் செய்த (உள்ளே பிடித்துவைத்த) லாம்டா சாதாரண ஃபங்ஷன் பாயின்டராக மாறாது. ஃபங்ஷனையும் ஆப்ஜெக்டையும் சேர்த்துக் கட்டும் ஸ்டாண்டர்டு பைண்டில் மீட்டரின் முகவரிக்குப் பதில் மீட்டரையே கொடுத்தால், அது நகலெடுத்துக்கொள்ளும். எண்ணிக்கை நகலில் ஏறும், அசல் மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கும். பைத்தானில் இந்தப் பாடு இல்லை, மெத்தட் தன் ஆப்ஜெக்டைக் கையோடு கொண்டுபோகும். கால்பேக்காகக் கொடுக்கும்போது பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி மட்டும் போடக் கூடாது. போட்டால் அங்கேயே ஓடிவிடும்.

வைவாவுக்கு வரும் வெளித்தேர்வர்கள் ஒன்று செய்யலாம். இரண்டாவது சென்சரை மாட்டச் சொல்லி, ஒரு குழாயில் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, மற்ற மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பயிற்றுநர்கள் சிலர்,
மன்னார்குடி.