தண்டையார்பேட்டை, நமது தெருக் குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வருகை தந்துள்ள உறுப்பினர்களே, வணக்கம்.

பதிவேட்டில் 112 உறுப்பினர்கள் உள்ளனர். இன்று நாற்காலிகளில் அமர்ந்திருப்போர் 23 பேர்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றப்பட்டது. பொங்கலுக்குக் கோலப்போட்டி நடைபெற்றது. பருவமழைக்கு முன்னர் மழைநீர் வடிகாலைத் தூர்வார மனு அளித்தோம். பாதி தூரம் வாரப்பட்டது.

அடுத்து, ஆண்டு முழுவதும் என்மீது குறை சொல்லப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்தின் மாடி அறை ஞாயிறுதோறும் மாலை 6 மணி முதல் 7.30 வரை, குடியை நிறுத்த விரும்புவோர் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவுக்கு விடப்பட்டுள்ளது. செயற்குழுவின் தீர்மானப்படியே விடப்பட்டது என்பதையும், அன்று வராதவர்களே பின்னர் அதிகம் ஆட்சேபித்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். செயலாளர் ஏன் அறையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்று சிலர் கேட்டதாக அறிந்தேன். நானும் குடிநோயாளி என்பதால்தான் உட்கார்ந்திருக்கிறேன். குடியை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இரண்டு முறை ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருந்தேன். மாலையைக் கழற்றிய மறுநாள் பகல் 12 மணிக்குக் கடை திறக்கும்போது வரிசையில் முதல் ஆளாக நின்றேன். கோயிலில் கயிறும் கட்டிப் பார்த்தாயிற்று. பிறகு, மனசு வைத்தால் முடியும் என்று எல்லோரும் சொன்னதை நம்பி நானாகவே நிறுத்தியபோது, இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். பல வருடம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும் அதையடுத்துப் பிதற்றலும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம், எனவே மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. நம் தெருவில் இன்றும் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்கும் குடும்பங்கள் இருப்பதால் இதை அறிக்கையில் சேர்க்கிறேன். போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் விசாரித்துவிட்டாவது செய்யுங்கள்.

வீடு திரும்பும்போது ஒரு செவிலியர் மருந்துச் சீட்டின் பின்புறம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் ஒன்றின் முகவரியை எழுதிக் கொடுத்தார். இடம் நகரத்தின் மறுகோடி. இரண்டு பேருந்து மாற வேண்டும், இடையில் நான்கு கடைகளைக் கடக்க வேண்டும். மூன்று வாரம் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். போனபோது யாரும் ஊரையோ வேலையையோ கேட்கவில்லை. டீ கொடுத்து, கடைசி வரிசையில் உட்காரவிட்டார்கள். வடசென்னைக்காரன் ஒருவன் பேருந்தில் திரும்பி வருவதற்குள் மனம் மாறிவிடுகிறது என்ற அனுபவத்தில்தான் நம் அறையைக் கேட்டேன்.

மதம் மாற்றும் கூட்டம் என்று பரப்பப்பட்ட செய்தி தவறானது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்ததில் தொடங்கிய இயக்கம் அது. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. யார் யார் வருகிறார்கள் என்று செயற்குழு பட்டியல் கேட்டது. அப்படி ஒரு பட்டியலே கிடையாது. ஆயினும் எதிரிலுள்ள டீக்கடையில் நின்று தலைகளை எண்ணிய உறுப்பினர்கள் இருவரை நானே கண்டேன். ஆடி மாதத்தில் ஒரு புதியவர் நான்காவது படிவரை ஏறி, அவர்களைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். இன்றுவரை அவர் திரும்பவில்லை.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகவே உள்ளன. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். இக்குழுவுக்கு வாடகை வேண்டாம், சங்கமே சிறு நன்கொடையும் தரலாம் என்று நான் சொன்னபோது, வெளியாரிடம் பணம் பெறுவதில்லை என்பது தங்கள் மரபு என்று மறுத்துவிட்டார்கள். டப்பாவில் விழும் பத்து, இருபது ரூபாய்களைச் சேர்த்து மாதம் தவறாமல் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கட்டியிருக்கிறார்கள். மாதம் 50 ரூபாய்ச் சந்தாவை 41 வீடுகள் ஆண்டு முழுவதும் கட்டவில்லை. குடிகாரர்களுக்கு அறையா என்று கேட்டவர்களின் வீடுகளும் அவற்றில் அடக்கம்.

அறிக்கையைத் தட்டச்சு செய்தவருக்கும், நாற்காலி தந்த பந்தல் கடைக்காரருக்கும், நிர்வாகிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் தெருவுக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்த முடிவாகியுள்ளது. வேண்டியதுதான். ஆனால் அது மாடிப்படியைப் பார்த்தபடி அமையாமல் பம்ப் அறைப் பக்கம் திரும்பியிருந்தால் நல்லது. குடிநோயாளிகளின் மனைவியர் சிலர் தங்களுக்கும் தனியாகக் கூடிப் பேச, சனிக்கிழமை மாலை அறை கிடைக்குமா என்று கேட்டுள்ளனர். அதையும் அறை வாடகை நீட்டிப்பையும் புதிய செயற்குழு முடிவு செய்யட்டும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை, ஞாயிறு 5.45க்கு அறையைத் திறக்க அவருக்குச் சம்மதமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்