முத்துக் கணக்கு

டிக்கோயா
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

நீ மூன்று தரம் போன் எடுத்தாய். நான் எடுக்கவில்லை. கோபமில்லை, வாய் திறந்தால் அழுகைதான் வரும், அதுதான் எழுதுகிறேன். இவர் சுகம். மாமிக்கு முழங்கால் வலி, மற்றப்படி சுகம். பெரியசாமி சேர் போன மாதம் ஓய்வு பெற்றார். பிரியாவிடையில் பத்தனை கல்லூரிப் பேச்சு வந்தது, உன் பெயரைத்தான் இரண்டு தரம் சொன்னார், கெட்டில் கதையோடு. அந்தக் கெட்டிலுக்கு நீ இன்னும் எனக்குக் காசு தரவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

என் மகன் தம்பிக்கு லுக்கேமியா, அந்த இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் தொடங்கி 14 மாதம் ஆகிவிட்டது. வாட்டில் கிடந்த காலம் முடிந்து இப்போது வீட்டிலிருந்தே மருந்து. தினம் இரவில் மெர்கெப்டோபியூரின், கிழமைக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், மாதம் ஒரு தரம் கிளினிக். ஹட்டனில் விடியுமுன் பஸ் ஏறி, அவிசாவளையில் மாறினால் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி. மருந்து இலவசம், அந்தப் புண்ணியத்துக்குக் கும்பிட வேண்டும். முடி முளைத்துவிட்டது, சுருட்டை சுருட்டையாக. ஸ்டீரொயிட் கொடுக்கும் நாட்களில் பேய்ப்பசி. நடு இரவில் ரொட்டி கேட்பான், நான் மாவு பிசைவேன். சரி, இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது மகள் பாப்பாவைப் பற்றி.

தம்பிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால் வீட்டில் ஒரு சட்டம். யாருக்குத் தடிமன், காய்ச்சல் என்றாலும் அவன் பக்கத்தில் வரக்கூடாது. தும்மினாலே பாப்பாவை மேல் டிவிசனுக்கு, அம்மாயி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். முதல் தடவை நானும் தம்பியும் மகரகமையில் இருந்தபோது நாலு மாதம் அங்கேதான் இருந்தாள். அந்த நாலு மாதமும் இரவில் படுக்கையை நனைத்தாளாம். அம்மா அதை என்னிடம் சொல்லவே இல்லை. 'நீ இருக்கிற நிலைமையில் எப்படிச் சொல்ல' என்று இப்போது சொல்கிறார்.

போன கிழமை பாப்பா பாடசாலை ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை. கழுத்து வரை பட்டன். அடுப்படியில் ரொட்டி சுடும்போதும் போட்டிருந்தாள். நம் ஊர்க் குளிரில் யார் இதைக் கவனிப்பார்கள்? புதன்கிழமை தலை வாரும்போது பார்த்தேன், காதுக்குப் பின்னால் மூன்று நீர்க்கொப்பளம். ஸ்வெட்டரைக் கழற்றினேன். முதுகு நிறைய முத்து.

கொப்புளிப்பான் அம்மை, வசந்தி. வகுப்பில் வந்திருக்கிறது. 'எப்போதிலிருந்து?' என்றேன். 'திங்கட்கிழமையிலிருந்து' என்றாள். 'ஏன் சொல்லல?' 'சொன்னா அனுப்பிடுவீங்க.'

அவ்வளவுதான் சொன்னாள். அழக்கூட இல்லை. நான்தான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். 14 மாதமாக 'பாப்பாவால் ஒரு தொந்தரவும் இல்லை' என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னவள் நான். தொந்தரவு தந்தால் வீட்டில் இடமில்லை என்று அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டிருக்கிறது.

பிறகு நடந்தது ஓட்டம்தான். சாதாரணப் பிள்ளைக்கு ஒரு கிழமை அரிப்போடு போகிற வருத்தம், தம்பி மாதிரிப் பிள்ளைக்கு நுரையீரலையும் ஈரலையும் பிடிக்கலாம். முத்து தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றும் என்கிறார்கள், அந்த இரவுகளில் இரண்டும் ஒரே போர்வைக்குள் படுத்தன. வாட்டுக்குப் போன் பண்ணினேன், உடனே வரச் சொன்னார்கள். அசைக்ளோவிர் மருந்து தந்திருக்கிறார்கள். தம்பிக்கும் வருகிறதா என்று 21 நாள் வரை பார்க்க வேண்டும். இன்று 4. தினம் இரவு சட்டையைக் கழற்றி போன் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறேன். அவனுக்குக் கிச்சுகிச்சு, உருண்டு உருண்டு சிரிக்கிறான். நுளம்பு கடித்த தடிப்பைப் பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நின்றுவிடுகிறது.

தம்பிக்குக் கொப்புளிப்பான் தடுப்பூசி போட முடியாது, அது உயிருள்ள கிருமியில் செய்வது. பாப்பாவுக்குப் போட்டிருக்கலாம். அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசிகளில் அது இல்லை, காசு கொடுத்துப் போட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் இரண்டு பேருக்கும் போட்டுவிட்டாயா? இல்லையென்றால் நாளைக்கே விசாரி.

மாமிக்கும் எனக்கும் முதல் நாள் சண்டை. மாரியம்மா வந்திருக்கும்போது டொக்டர், மருந்து என்று பேசக்கூடாது என்றார். நான் சத்தம் போட்டுவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குளிரில் வேம்பு ஏது, மாமி முழங்கால் வலியோடு ஹட்டன் டவுனுக்குப் போய் வேப்பிலை தேடி வாங்கிவந்தார். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைத்தார், இரண்டு பிள்ளைகள் பெயரிலும். பாப்பாவின் பெயரைத்தான் முதலில் சொன்னார். அதைக் கேட்டபோது என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பாப்பாவை அனுப்பத்தான் வேண்டியிருந்தது. எதற்குப் பயந்து மறைத்தாளோ அதையேதான் செய்தோம். பின்னேரம் போன் எடுப்பாள். 'இன்னும் பதினேழு இருக்கும்மா' என்பாள். காயாத முத்துக்களின் கணக்கு. எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டினால் வரலாம் என்று நான் சொல்லியிருந்தேன். கண்ணாடியை வைத்து முதுகையும் எண்ணுகிறாள். நேற்று ஐந்து. இன்று மூன்று.

உன்னிடம் ஒரு உதவி. அவளுக்கு நீ போன் எடு, அம்மா நம்பர் உன்னிடம் இருக்கிறது. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. நாங்கள் எல்லோரும் அவளிடம் அதைத்தான் கேட்கிறோம், 'தம்பி எப்படி, தம்பி எப்படி' என்று. போன தரம் நீ வந்தபோது அவளுக்கு ஊசிநூலில் பூப்போடக் காட்டிக் கொடுத்தாயே, அதைப் பற்றிப் பேசு. அந்தத் துணியை அவள் பையில் வைத்துத்தான் கொண்டுபோனாள்.

தம்பி எழும்பிவிட்டான், ரொட்டி கேட்கிறான்.

உன்
சந்திரா