குவைத்துக்குப் போகிற தம்பிக்கு

தஞ்சாவூர்
12.10.2019

அன்புள்ள தம்பி,

உன் மெசேஜ் பார்த்தேன். நவம்பரில் குவைத், பத்து நாள், பழைய ஸ்கூல் பசங்கள் பதினாலு பேர் கூடுகிறீர்கள். சந்தோஷம். கட்டைவிரல் பொம்மை ஒன்று போட்டு அனுப்பினேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி. ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன், நீ கிளம்புவதற்குள் மெல்போர்னுக்கு வந்து சேர்ந்துவிடும் என்று தபாலாபீஸ் பெண் சொன்னாள். உறைக்குள் இன்னொரு காகிதமும் இருக்கிறது. இதைப் படித்து முடிக்காமல் அதைப் பிரிக்காதே.

நீ மட்டும் போவதாக எழுதியிருக்கிறாய். பவானியையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு போகலாமே? பிறந்த ஊரைப் பெண்டாட்டி பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா? ஸ்கூல் இருக்கிறது என்பாய். மூன்றாம் கிளாஸ் குழந்தைக்குப் பத்து நாளில் என்ன கெட்டுவிடும்? உனக்கு 90-ல் ஈராக் யுத்தத்தில் ஒரு வருஷமே போயிற்று. பத்தாவதில் நீ ஸ்கூல் ஃபர்ஸ்ட் வரவில்லையா? அந்த மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது, அம்மா கேலி செய்வாள்.

பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இரண்டு எடுத்து வைத்துக்கொள். ஒன்று பெட்டியில், ஒன்று சட்டைப் பையில். ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனிலேயே விசா என்கிறாய், இருந்தாலும் அச்செடுத்து வை. டியூட்டி ஃப்ரீயில் பாட்டில் எதுவும் வாங்கிப் போகாதே, அங்கே அதற்கெல்லாம் இடமே கிடையாது. நீ தொடமாட்டாய், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். நவம்பரில் வெயில் இருக்காது, சாயங்காலம் குளிர்கூட அடிக்கும், ஒரு ஸ்வெட்டர் போதும். நம் காலத்தில் வியாழன் வெள்ளி லீவு. 2007-லிருந்து வெள்ளி சனி ஆக்கிவிட்டார்கள். கடலுக்கு மேலே முப்பத்தாறு கிலோமீட்டருக்கு ஒரு பாலம் இந்த வருஷம் திறந்திருக்கிறார்களாம். கடற்கரையில் அந்தக் குவைத் டவர்ஸ் மட்டும் அப்படியே நிற்கிறது. நீ பிறந்த 1979-ல்தான் அதை ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். பட்டணத்தில் எங்கே போனாலும் அதைப் பார்த்து "என் டவர்" என்பாய்.

பதினாலு பேரில் இப்போதும் அங்கேயே இருப்பவர்கள் இரண்டு பேர்தானே? மற்றவர்கள் துபாய், டொரன்டோ, கொச்சி என்று நாலாபக்கமிருந்தும் வருகிறார்கள். யாருக்கும் ஊர் இல்லாத ஊரில் எல்லாரும் கூடுகிறீர்கள். தப்பாகச் சொல்லவில்லை. எனக்கும் பதின்மூன்று வருஷம் அதுதான் ஊர். ஹவல்லி துனிஸ் தெருவில் நம் பில்டிங் இருக்கிறதோ இடித்துவிட்டார்களோ, போய்ப் பார். கீழே பேக்கரி, குப்பூஸ் ரொட்டி சூடு ஆறுவதற்குள் படியேறிக்கொண்டே பாதியைத் தின்றுவிட்டு வருவாய்.

பவானி போனில் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் இரண்டு மாசமாக அவள் தனியாகக் கூப்பிடுகிறாள், நீ தனியாகக் கூப்பிடுகிறாய். குட்டி எங்கே என்றால் நீச்சல் கிளாஸ் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கா? சரி, உங்கள் ஊர் வழக்கம் எனக்கென்ன தெரியும். உன் ஹாலில் அம்மா கொடுத்த தஞ்சாவூர்ப் படம், வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன், எப்போதும் உன் தலைக்குப் பின்னால் தெரியும். ஆடி மாசத்திலிருந்து வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. அம்மாவும் பார்த்தாள். பெயின்ட் அடிக்கிறார்கள் போலிருக்கிறது என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

பாப்பாவிடம் நீ எல்லாம் பேசுகிறாய் என்று தெரியும். அவளிடம் கேட்டால் "அண்ணனையே கேளுங்கப்பா" என்கிறாள். அப்பாவிடம் சொல்லக்கூடாதது என்ன இருக்கிறது? பன்னிரண்டு மணி நேரம் பாலைவனத்தில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவன் நான். சொல்லிக் காட்டவில்லை. பாஸ்போர்ட் ஜெராக்ஸ் மறக்காதே.

மெசேஜில் கடைசி வரியாக ஒன்று எழுதியிருந்தாய். "அப்படியே காலித் பற்றியும் யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறேன்" என்று. நாலு நாளாக அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உன் சிநேகிதனைக் குவைத்தில் தேடாதே தம்பி. அவன் அங்கே இருக்கமாட்டான். யுத்தத்துக்கு முன்னால் பாலஸ்தீனக்காரர்கள் நாலு லட்சம் பேர் அங்கே இருந்தார்கள். ஹவல்லி முழுக்க அவர்கள்தான். உன் டாக்டர், பக்கத்து மருந்துக்கடைக்காரர், என் ஆபீஸில் பாதிப் பேர். அவர்கள் தலைவர் அராஃபத் ஈராக்கின் சதாம் பக்கம் சாய்ந்தார் என்று, 91 பிப்ரவரியில் ஊர் விடுபட்ட பிறகு இவர்கள் மேல் பழி விழுந்தது. எந்தத் தப்பும் செய்யாதவனுக்கும் வேலை போயிற்று, இக்காமாவை, அங்கே தங்குகிற அனுமதியை, புதுப்பிக்கவில்லை. ஒன்றிரண்டு வருஷத்துக்குள் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பெரும்பாலும் ஜோர்டானுக்குத்தான் போனார்கள். காலித் வீட்டாரும் அம்மான் போனார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். சொல்கிறேன். அம்மா கடைசிச் சனிக்கிழமை என்று பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறாள், வர ஒரு மணி நேரமாகும்.

ஈராக்காரன் உள்ளே வந்தது 1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. கம்பெனி லீவு. அடுத்த வாரம் நானும் காலித்தின் அப்பா அபு காலித்தும் ஷுவைக்கில் இருந்த கம்பெனி குடோனுக்குப் போனோம், பூட்டியிருக்கிறதா என்று பார்க்க. நான் கணக்கு, அவர் ஸ்டோர். ஏ.சி. சாமான்கள் உள்ளே கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மூன்று சிப்பாய்கள் வந்து சாவி கேட்டார்கள். முதலாளி எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார் அபு காலித். சாவி அவர் சாக்ஸுக்குள் இருந்தது, எனக்குத் தெரியும். ஒருத்தன் துப்பாக்கிக் கட்டையால் அவர் தோளில் அடித்தான். உட்கார்ந்துவிட்டார், ஆனால் காலை அசைக்கவில்லை. திரும்பி வரும்போது காரை ஒரு கையால்தான் ஓட்டினார். வீட்டில் சொல்லாதே என்றார்.

அந்த மாசம் முழுக்க விடியற்காலை நாலு மணிக்கே போய் குப்பூஸ் வரிசையில் நின்று நமக்கும் சேர்த்து வாங்கி வந்தது அவர்தான். அவர் வீட்டு அம்மாள் மக்லூபா, அந்தக் கவிழ்த்து வைக்கிற சோறு, செய்தால் நமக்கென்று கறி போடாமல் காலிஃபிளவரும் கத்திரிக்காயும் வைத்துத் தனிப் பாத்திரத்தில் செய்வாள். தாம்பாளத்தில் கவிழ்த்து, பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையால் நாலு தட்டு தட்டி, மெதுவாகத் தூக்குவாள். நீயும் காலித்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள், குலையாமல் நின்றால் கைதட்டல். அம்மா பதிலுக்கு மாவடு கொடுப்பாள், அவர்கள் ஆலிவ் ஊறுகாய் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்வார்கள், ஒருத்தி தமிழில், ஒருத்தி அரபியில்.

ஆகஸ்ட் கடைசியில் நம்மைப் பஸ் ஏற்றிவிட்டதும் அவர்தான். பாஸ்ரா, பாக்தாத், அப்புறம் ஜோர்டானின் ருவைஷித் எல்லையில் அந்தக் கூடாரம், அம்மான், அங்கிருந்து ஏர் இந்தியாவில் பம்பாய். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை அப்படிக் கொண்டுவந்தார்கள் என்று இப்போது சினிமாவெல்லாம் எடுக்கிறார்கள். பஸ் நகர்ந்தபோது காலித் ஜன்னலுக்குக் கீழே ஓடிவந்து அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையான "போடா"வைக் கத்தினான். நீ சிரித்துவிட்டு, பாஸ்ரா வரைக்கும் அழுதாய்.

தஞ்சாவூர் வந்து இரண்டு வருஷம் தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்து, குவைத்திலிருந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்பாய். குவைத்திலிருந்து வரவில்லை என்பது உண்மைதான்.

1992 ஐப்பசியில் அம்மானிலிருந்து வந்தது. நீ ஸ்கூலுக்குப் போயிருந்தாய். உள்ளே இரண்டு கடிதம். ஒன்று அபு காலித் எனக்கு இங்கிலீஷில் எழுதியது. நாம் வந்த பிறகு குடோனை உடைத்து எல்லாவற்றையும் லாரியில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். சாவியைக் கொடுத்தது ஸ்டோர்கீப்பர்தான் என்று கம்பெனி முடிவு கட்டி, பதினெட்டு வருஷ சர்வீஸுக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுத்திவிட்டது. அன்றைக்கு நான் கண்ணால் பார்த்ததை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்று கேட்டிருந்தார். தயவுசெய்து என்றுகூட எழுதவில்லை. நான் அனுப்புவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நான் அனுப்பவில்லை.

அப்போது நான் அதே கம்பெனிக்கு மறுபடி வேலை கேட்டு எழுதியிருந்தேன். பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது. போன இந்தியர்கள் நிறையப் பேர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் ஒரு பாலஸ்தீனக்காரனுக்குச் சாட்சி சொல்லி என் பெயரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று நினைத்தேன். விசா வந்த பிறகு எழுதலாம், அங்கே போனதும் நேரிலேயே சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். ஒன்றரை வருஷம். கம்பெனி என்னைக் கடைசிவரை கூப்பிடவே இல்லை. ரைஸ் மில் கணக்குக்குப் போனேன். அதற்குள் எழுதவும் வெட்கமாகிவிட்டது. எனக்கு ஐ.நா. நஷ்டஈடு கேட்டு ஃபாரம் மட்டும் வரிசையில் நின்று ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தேன். பணமும் வந்தது. உன் புத்தகமெல்லாம் இருக்கிற மாடி அதில் கட்டியதுதான்.

இரண்டாவது கடிதம் காலித் உனக்கு எழுதியது. அதைக் கொடுத்தால் நீ பதில் போடுவாய், அவன் அப்பா ஏன் எழுதவில்லை என்று கேட்பான், நீ என்னைக் கேட்பாய். பீரோவில் பத்திரக் கட்டுக்கு அடியில் வைத்தேன். தபால் ஏதாவது வந்ததா என்று அன்று சாயங்காலமும் கேட்டாய், இல்லை என்றேன். இன்னும் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டாய். சின்னப் பிள்ளைகள், மறந்துவிடுவார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. நாற்பது வயசில் நீ அவன் பெயரை எழுதுகிறாய்.

அந்தக் கடிதம்தான் உள்ளே இருக்கிறது. இரண்டு பக்கம், பின்னால் ஒரு படம் வரைந்திருக்கிறான். உன் கடிதத்தைப் படித்தது தப்புதான், அன்றைக்கே ஒரு தடவை படித்தேன். உறையில் வீட்டு விலாசம் இல்லை, ஒரு தபால் பெட்டி எண்தான். யாரோ கடைக்காரருடையதாக இருக்கலாம், இருபத்தேழு வருஷத்தில் இருக்கிறதோ என்னவோ. அபு காலித் இருந்தால் அவருக்கு எண்பது தாண்டியிருக்கும். அவர் கேட்ட அந்த ஒரு வரியையும் இப்போது எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். யாருக்கும் பிரயோஜனமில்லை, தெரியும். குவைத் போகிற வழியில் அம்மான் போக முடியுமா, அதற்கு எவ்வளவு ஆகும் என்று பார். டிக்கெட் நான் எடுக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

என்னிடம் கோபமிருந்தால் போனில் திட்டிவிடு. பேசாமல் மட்டும் இருக்காதே. நீ சொல்லாத எதையும் நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. ஆனால் சொன்னால் கேட்டுக்கொள்வேன், யாருக்கும் சொல்லமாட்டேன், அம்மாவுக்குக்கூட.

கேட் சத்தம் கேட்கிறது. துளசி தீர்த்தம் கொண்டுவந்திருப்பாள். நிறுத்துகிறேன். தீபாவளிக்கு முதல் நாள் கூப்பிடு, குட்டியிடம் தாத்தா கேட்டார் என்று சொல். பாஸ்போர்ட் ஜெராக்ஸ்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அந்த வெள்ளைச் சுவருக்குச் சின்னதாக ஒரு படம் வாங்கி வைத்திருக்கிறேன், தீபாவளிப் பார்சலில் வரும். அங்கே வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றார்கள். அதனால் மேஜையில் நிறுத்தி வைக்கிற மாதிரி பார்த்து வாங்கினேன்.